டீசல் என்பது ஒரு ஆளோட பேரு

பங்க்கில் வண்டியை நிறுத்தி, ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போடச் சொல்றோம். அது ஒரு மனுஷனோட பேர்னு அந்த நேரத்தில் யாருக்காவது ஞாபகம் வருமா? எனக்கு வந்ததே இல்லை. செகண்ட் இயர் தெர்மோவில் ஓட்டோ சைக்கிள், டீசல் சைக்கிள், டூயல் சைக்கிள் என்று மூன்றையும் வரிசையாகப் படித்தோம். பி-வி டயகிராம் போட்டு, எஃபிஷியன்சி டெரிவேஷன் எழுதினால் மார்க் வந்துவிடும். அந்த ஆள் யார், எப்படி வாழ்ந்தார், எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று எந்தக் கொஸ்டின் பேப்பரும் கேட்கலை. நானும் தேடலை.

தேட வைத்தது என் சித்தப்பாவோட கார்.

சித்தப்பா கால் டாக்ஸி ஓட்டுகிறார். பாதி நேரம் ஏர்போர்ட் டிரிப்தான். பழைய டீசல் செடான், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியது. நாலு பேரும் லக்கேஜும் ஏறி, ஏசியும் போட்டால் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். மெக்கானிக்கல் ஃபைனல் இயர் பையன் வீட்டில் இருக்கும்போது இதுக்கு ஒரு வழி சொல்லாமல் இருப்பேனா? நானும் என் ரூம்மேட்டும் ஒரு டியூனிங் பாக்ஸ் வாங்கினோம். செகண்ட் ஹேண்ட்தான்.

மாட்டுவது ரொம்ப ஈஸி. காமன் ரெயில் குழாயோட ஒரு முனையில் ரெயில் பிரஷர் சென்சார் இருக்கும், மூன்று ஒயர். அந்தக் கனெக்டரைக் கழட்டி நடுவில் பாக்ஸைச் சொருகி, பேட்டரி பக்கத்தில் சூடு படாத இடமாகப் பார்த்து கேபிள் டை போட்டால் முடிந்தது. பதினைந்து நிமிஷம். பாக்ஸில் திருகுகிற மாதிரி ஒரு சின்ன சுவிட்ச், ஒன்றிலிருந்து ஒன்பது வரை. மூன்றில் வைத்து ஓட்டினோம், நல்லா இருந்தது. ஆசை விடுமா? ஆறுக்குத் திருப்பினோம். கத்திப்பாரா இப்போ சமதரை மாதிரி ஆகிவிட்டது. டேஷ்போர்டில் மைலேஜ் 17 காட்டின வண்டி 20 காட்டியது. சித்தப்பா தெரிந்தவங்க எல்லாரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரியாகப் பன்னிரண்டாவது நாள், மீனம்பாக்கம் பக்கத்தில், ஃப்ளைட் பிடிக்க வேண்டிய கஸ்டமர் பின்சீட்டில் இருக்கும்போது எஞ்சின் லைட் எரிந்து வண்டி லிம்ப் மோடுக்குப் போனது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும். கஸ்டமர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினார். சித்தப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றைக்கு ராத்திரி, நாம் எங்கே தப்பு பண்ணினோம் என்று தேட ஆரம்பித்தேன். தேடிப் போன இடத்தில் அந்த எஞ்சினைச் செய்த மனிதரோட கதை இருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

பாரிஸில் பிறந்த ஜெர்மன்காரர்

ருடால்ஃப் டீசல் பிறந்தது 1858 மார்ச் 18, பாரிஸில். அப்பா, அம்மா இரண்டு பேருமே ஜெர்மனியின் பவேரியா பக்கத்துக்காரர்கள். அப்பா புக் பைண்டிங் தொழிலாளி, அப்புறம் தோல் சாமான் செய்து விற்றவர். பெரிய வசதி இல்லை. பையன் படிப்பில் கெட்டி.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை வந்தது. பாரிஸில் இருந்த ஜெர்மன்காரங்க எல்லாம் ஊரை விட்டுப் போக வேண்டிய நிலை. குடும்பம் லண்டனுக்குக் கிளம்பியது. அங்கே பிழைப்பு சரியாக அமையலை. பன்னிரண்டு வயசுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் ஊருக்கு, சொந்தக்காரர் வீட்டுக்குத் தனியாக அனுப்பினார்கள். அந்த வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். பதினாலு வயசில் பையன் அப்பா அம்மாவுக்கு லெட்டர் போட்டான், தான் இன்ஜினியர்தான் ஆகப்போவதாக. சீக்கிரம் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். ஸ்காலர்ஷிப் கிடைத்து மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். இந்த சீன் உங்களில் பாதிப் பேர் வீட்டில் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அங்கே அவருக்கு வாத்தியார் யார் தெரியுமா? கார்ல் ஃபோன் லிண்டே. ரெஃப்ரிஜரேஷன் பேப்பரில் வருகிறாரே, அதே லிண்டே. அவர் ஒருநாள் கிளாஸில் சொன்ன விஷயம் டீசலை வாழ்க்கை முழுக்க விடலை. அன்றைய ஸ்டீம் எஞ்சினில் நிலக்கரியோட சூட்டில் 6 முதல் 10 சதவீதம்தான் வேலையாக மாறுகிறது, மீதி எல்லாம் புகைபோக்கி வழியாகப் போகிறது. ஆனால் கார்னோ கணக்குப்படி இதைவிடப் பல மடங்கு முடியும். அப்படியானால் ஏன் யாரும் செய்யலை? நோட்டு ஓரத்தில் அந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டார். நாம் நோட்டு ஓரத்தில் என்ன வரைகிறோம் என்று இங்கே பேச வேண்டாம்.

டைபாய்டு வந்ததால் 1879-இல் கூடப் படித்தவர்களோடு பரீட்சை எழுத முடியலை. நடுவில் சுவிட்சர்லாந்தில் சுல்சர் கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டு, 1880 ஜனவரியில் பரீட்சை எழுதி முதல் தரத்தில் தேறினார். அப்புறம் பத்து வருஷம் பாரிஸில் லிண்டேவோட ஐஸ் தொழில். பகலில் ஐஸ் மெஷின், மீதி நேரம் அம்மோனியா ஆவியில் ஓடுகிற ஒரு எஞ்சின். அது கடைசி வரை தேறலை. 1883-இல் மார்த்தாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார், மூன்று குழந்தைகள். 1890-இல் குடும்பத்தோடு பெர்லினுக்கு மாறினார்.

பேப்பரில் 250, இரும்பில் 30 சொச்சம்

பெர்லினில்தான் அந்த யோசனை முழு உருவத்துக்கு வந்தது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்போட அடிப்பக்கம் சுடுமில்லையா? காற்றை அமுக்கினால் சூடாகும். ரொம்ப ரொம்ப அமுக்கினால், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் வேண்டாம்.

இது மட்டும் அவர் யோசனை இல்லை. முதலில் காற்றை அமுக்கியே உச்ச வெப்பநிலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அப்புறம் எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எரியும்போது வெப்பநிலை மேலே ஏறவே கூடாது, அதாவது ஐசோதெர்மல். கார்னோவுக்கு இவ்வளவு பக்கத்தில் போனால் எஃபிஷியன்சி 73 சதவீதம் வரை வரும் என்பது அவர் கணக்கு. அதுக்கு 250 அட்மாஸ்பியர் பிரஷர் வேண்டும். 1892 பிப்ரவரியில் பேட்டன்ட்டுக்கு அப்ளை பண்ணினார், அடுத்த வருஷம் கிடைத்தது. 1893 ஆரம்பத்தில் புத்தகமாகவும் போட்டார். ஆக்ஸ்பர்க் மெஷின் ஃபேக்டரி, க்ரூப் என்று இரண்டு பெரிய கம்பெனிகள் பணம் போட முன்வந்தன.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. 250 அட்மாஸ்பியருக்கு அமுக்கச் செலவாகிற வேலையும், அத்தனை பிரஷரில் வருகிற உராய்வும் சேர்ந்தால் எஞ்சினிலிருந்து வெளியே வருகிற வேலையில் என்ன மிஞ்சும்? கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. சைக்கிள் பேப்பரில் அழகாக இருக்கும், ஃப்ளைவீல் சுத்தாது. பேட்டன்ட் கையில் வாங்கின அதே வருஷத்திலேயே டீசலுக்கு இது புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் பிரஷரைக் குறைத்தார், ஐசோதெர்மலைக் கைவிட்டார். பிரஷர் ஒரே அளவில் நிற்க எரிபொருள் எரிய வேண்டும் என்று மாற்றி, 1893 நவம்பரில் இரண்டாவது பேட்டன்ட்டுக்கு எழுதிப் போட்டார். நாம் டீசல் சைக்கிள் என்று படிக்கிற கான்ஸ்டன்ட் பிரஷர் ஹீட் அடிஷன் இந்த இரண்டாவதுதான்.

1893 ஆகஸ்ட் 10. ஆக்ஸ்பர்க் ஃபேக்டரியில் முதல் எஞ்சின், ஒற்றை சிலிண்டர், ஆள் உயரத்தைவிடப் பெரியது. வெளியிலிருந்து பெல்ட் போட்டுச் சுத்த வைத்து எரிபொருளை விட்டார்கள். பிரஷர் 80 அட்மாஸ்பியர் வரை எகிறி, அளந்துகொண்டிருந்த இண்டிகேட்டர் வெடித்துச் சிதறியது. யார் உயிருக்கும் ஒன்றும் ஆகலை. ஆனால் அமுக்கின காற்றில் தீ பற்றும் என்று நிரூபணம் ஆகிவிட்டது.

இண்டிகேட்டர் என்றால் என்ன என்று மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு ஒரு வரி: சிலிண்டருக்குள் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு பிரஷர் என்பதைத் தாளில் கோடாக வரைந்து காட்டுகிற கருவி. எஞ்சினுக்கு எடுக்கிற ஈசிஜி என்று வைத்துக்கொள்ளுங்க. டீசலோட நாலு வருஷ வேலை முழுக்க இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நடந்தது. கோடு தப்பாக வந்தால் கோட்டைக் குறை சொல்லலை, எஞ்சினை மாற்றினார்.

1894 பிப்ரவரி 17-ஆம் தேதி, எஞ்சினைச் சுத்த வைத்துக்கொண்டிருந்த பெல்ட்டோட இழுப்பு மாறுவதைப் பக்கத்தில் நின்ற மெக்கானிக் கவனித்தார். பெல்ட் எஞ்சினை இழுக்கலை, எஞ்சின்தான் பெல்ட்டை இழுக்கிறது. ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழட்டினாராம். நிமிஷத்துக்கு 88 சுற்று, ஒரு நிமிஷம் போல, லோடு இல்லாமல். அவ்ளோதான் ஓடியது. அதுக்கப்புறம் மூன்று வருஷம்.

1897 பிப்ரவரி 17. மூன்று வருஷம் கழித்து அதே தேதி. மியூனிக் புரொபசர் மாரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து தானே அளந்தார். 250 மில்லிமீட்டர் போர், 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், கிட்டத்தட்ட 20 ஹெச்பி. எஃபிஷியன்சி 26.2 சதவீதம். புத்தகத்தில் சொன்ன 73 எங்கே, இது எங்கே என்று நீங்க கேட்கலாம். ஆனால் உலகத்தில் அன்றைக்கு ஓடின எந்த எஞ்சினும் இதுக்குப் பக்கத்தில் வரலை. அதுவும் வெளியாள் அளந்த நம்பர். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள்.

அவரால் முடியாத ஒன்று

எரிபொருளைச் சிலிண்டருக்குள் அனுப்புவதில்தான் டீசல் ரொம்பக் கஷ்டப்பட்டார். உள்ளே அத்தனை பிரஷர் இருக்கும்போது, அதைவிட அதிக பிரஷரில், சொட்டுச் சொட்டாக, சரியான நேரத்தில், பனி மாதிரித் தூவ வேண்டும். எண்ணெயை நேராக அமுக்கித் தூவ அன்றைய பம்ப் எதுக்கும் திராணி இல்லை. அதனால் கம்ப்ரஸர் வைத்து, காற்றோட சேர்த்து ஊதி அனுப்பினார். அந்தக் கம்ப்ரஸரே பெரிய சைஸ். ஃபேக்டரிக்கும் கப்பலுக்கும் சரி, காருக்கு முடியாது. 1912-இல் செலாண்டியா என்ற கப்பல் டீசல் எஞ்சினில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போனது. ஆனால் டீசல் கார் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்க்கலை.

பாஷ் கம்பெனி நல்ல இன்ஜெக்‌ஷன் பம்ப்பை மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்தது 1927-இல். மெர்சிடிஸ் 260 டி கார் வந்தது 1936-இல். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரே குழாயில் பிரஷரைத் தேக்கி வைக்கிற காமன் ரெயில், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு காருக்கு வந்தது 1997-இல், ஆல்ஃபா ரோமியோ 156-இல். நம்ம ஐசி எஞ்சின் லேபில் இருக்கிற பழைய மெக்கானிக்கல் இன்ஜெக்டர் 200 பார் பக்கத்தில் திறக்கும். சித்தப்பா காரில் ரெயில் பிரஷர் 1600 பார். டீசல் இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அந்த 1600 சரியாக இருக்கிறதா என்று ஈசியூவுக்குத் தெரிவது ஒரே ஒரு வழியில்தான், அந்த மூன்று ஒயர் சென்சார். அதுதான் இன்றைய இண்டிகேட்டர். நான் பாக்ஸைச் சொருகினது எங்கே? சரியாக அதோட வாயில்.

பாக்ஸ் செய்வது இதுதான். நிஜ பிரஷர் 1600 என்றால், அது குறைவு என்று ஈசியூவிடம் சொல்லும். ஈசியூ பாவம், பிரஷரை ஏற்றும். இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம் அதேதான், பிரஷர் அதிகம், அதனால் எண்ணெய் கூடப் போகும், இழுவை கிடைக்கும். சுவிட்சில் நம்பர் ஏற ஏற பொய்யோட அளவு கூடும். காற்று அந்த அளவுக்குக் கூடலை என்றால் கரும்புகை வரும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், பிஸ்டனும் டர்போவும் தாங்க வேண்டும். சித்தப்பா வண்டியில் பம்ப்புக்கு வயசாகிவிட்டது. ஈசியூ ஏற்றச் சொன்ன பிரஷரை அதால் கொடுக்க முடியலை. கேட்டதுக்கும் கிடைத்ததுக்கும் இடைவெளி பெரிதாகவே ஈசியூ பயந்துபோய் லிம்ப் மோடு போட்டது.

காசும் கணக்கும்

டீசல் கதைக்கு வருவோம். 1897-க்கு அப்புறம் பணம் கொட்டியது. அமெரிக்க உரிமைக்கு மட்டும் பீர் முதலாளி அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். 1898-இல் மற்ற உரிமைகளை எல்லாம் ஒரு கம்பெனி 35 லட்சம் மார்க்குக்கு எடுத்துக்கொண்டது. நாற்பது வயசில் கோடீஸ்வரர்.

ஆனால் வெளியே போன முதல் எஞ்சின்கள் நின்று நின்று மானத்தை வாங்கின. லேபில் ஓடுவது வேறு, தீப்பெட்டி ஃபேக்டரியில் தினமும் ஓடுவது வேறு. பேட்டன்ட்டில் இருப்பது ஒன்று, எஞ்சின் வேறு ஒன்று என்று கேஸ் போட்டார்கள். அதில் உண்மையும் இருந்தது. முதல் பேட்டன்ட் தப்பு என்று அவர் வெளிப்படையாக ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த வருஷமே உடம்பும் மனசும் உடைந்து சானடோரியத்தில் சேர்ந்தார்.

1900 பாரிஸ் கண்காட்சியில் அவர் எஞ்சினுக்கு முதல் பரிசு. அங்கே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது, பார்த்தவங்களுக்கு வித்தியாசமே தெரியலையாம். விவசாயி தன் எண்ணெயில் தானே எஞ்சின் ஓட்டலாம் என்ற யோசனை அவருக்குக் கடைசி வரை பிடித்திருந்தது. தொழிலாளிகள் ஒன்று சேர்ந்து நடத்துகிற கம்பெனிகள் பற்றி 1903-இல் ஒரு புத்தகம் எழுதினார். பத்தாயிரம் அச்சடித்து, விற்றது சில நூறுதான்.

மியூனிக்கில் அரண்மனை மாதிரி வீடு கட்டினார். எண்ணெய்க் கிணற்றில் பணம் போட்டார், போச்சு. நிலத்தில் போட்டார், போச்சு. சிலிண்டருக்குள் ஒரு கோடு தப்பினால் எஞ்சினையே கழட்டி மாட்டினவர், தன் கணக்குப் புத்தகத்தை மட்டும் அப்படிப் பார்க்கலை. வீட்டுக்காரம்மாவுக்குக்கூட நிலைமை தெரியாது. வெளியே வீடும் காரும் பணக்காரர் என்று காட்டிக்கொண்டிருந்தன. 1913-இல் அவர் எஞ்சின் பிறந்த கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதே வருஷம் ஒரு புரொபசர், டீசல் என்பதே கட்டுக்கதை என்று இன்னொரு புத்தகம் போட்டார்.

1913 செப்டம்பர் 29. இங்கிலாந்தில் ஒரு கம்பெனி மீட்டிங்குக்காக ஆண்ட்வெர்ப்பில் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். கூட வந்த இரண்டு நண்பர்களோடு ராத்திரி சாப்பிட்டார், பத்து மணி வாக்கில் கேபினுக்குப் போனார். காலையில் 6.15-க்கு எழுப்பச் சொல்லியிருந்தார். காலையில் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. படுக்கை கலையலை. தொப்பியும் ஓவர்கோட்டும் மேல்தளத்தில் இருந்தன. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஒரு உடலைப் பார்த்தது. பாக்கெட்டில் இருந்த சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி, மாத்திரை டப்பா. அவை அப்பாவோடதுதான் என்று மகன் ஓய்கன் அடையாளம் சொன்னார்.

கிளம்புவதுக்கு முன்னால் மனைவியிடம் ஒரு பை கொடுத்து, அடுத்த வாரம் திறக்கச் சொல்லியிருந்தார். உள்ளே கொஞ்சம் பணமும், பேங்க் கணக்குகள் காலி என்று காட்டுகிற தாள்களும். டைரியில் அந்தத் தேதிக்கு ஒரு சிலுவைக் குறி. கொலை என்று சொல்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தாள்கள் போதும். அப்போது வயசு 55. நம்ம காலேஜ் கிண்டிக்கு வந்தது அதுக்கு ஏழு வருஷம் கழித்துத்தான்.

சித்தப்பாவோட நோட்டு

பாக்ஸைக் கழட்டின அன்றைக்கு சித்தப்பா க்ளோவ் பாக்ஸிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு தடவை டேங்க் ஃபுல் பண்ணும்போதும் லிட்டர், கிலோமீட்டர் எழுதி வைத்திருக்கிறார், வருஷக்கணக்காக. வகுத்துப் பார்த்தேன். பாக்ஸ் மாட்டுவதுக்கு முன்னால் சராசரி 16-க்கு மேலே. மாட்டினதுக்கு அப்புறம் 15-ஐத் தொடலை. டேஷ்போர்டு காட்டின 20?

ஒரு நிமிஷம் யோசித்தால் உங்களுக்கே புரியும். ஈசியூ எண்ணெய்க் கணக்கைப் போடுவது பிரஷரையும் இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரத்தையும் வைத்து. நான் பிரஷரைக் குறைத்துச் சொன்னேன், அதனால் எண்ணெய் குறைவாகப் போனதாக அது நினைத்துக்கொண்டது. நான் சொன்ன பொய்யைத்தான் எனக்கே மைலேஜாகத் திருப்பிக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு.

சித்தப்பாவுக்கு இது முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன். முதல் ஃபுல் டேங்கிலேயே தெரியுமாம். பையன் ஆசையாக மாட்டினான் என்று விட்டுவிட்டாராம்.

டியூனிங் பாக்ஸே மாட்டாதீங்க என்று நான் சொல்ல வரலை. ஆசை யாருக்குத்தான் இல்லை? மாட்டுவதுக்கு முன்னால் மூன்று ஃபுல் டேங்க், மாட்டினதுக்கு அப்புறம் மூன்று ஃபுல் டேங்க், பில்லை வைத்துக் கணக்குப் போடுங்க. வண்டி எத்தனை ஓடியது, பம்ப்பும் இன்ஜெக்டரும் எந்த நிலையில் இருக்கு என்று தெரிந்துகொண்டு சுவிட்சைத் திருப்புங்க. புகை கறுப்பாக வந்தால் நம்பரைக் குறைங்க. வாரண்டி போகும், ஆர்டிஓ விதியும் இருக்கு, அதையும் பாருங்க. முக்கியமாக, அடுத்தவங்க பிழைப்பு ஓடுகிற வண்டியில் பரிசோதனை பண்ணாதீங்க.

பாக்ஸ் இப்போ என் ஹாஸ்டல் டிராயரில் கிடக்கு. போன வாரம் சித்தப்பா வண்டியில் போனேன். கத்திப்பாராவில் ஏசியை அணைத்துவிட்டு மெதுவாக ஏறினோம். இறங்கினதும் பங்க்கில் டேங்க் ஃபுல் பண்ணி, நோட்டை என்னிடம் நீட்டினார். லிட்டரும் கிலோமீட்டரும் இந்தத் தடவை நான் எழுதினேன்.